கொக்கு கட்டிய சமையலறை

என் அக்காவுக்குக் கடையில் கொக்கு என்று பெயர். வைத்தது யாரோ தெரியாது, வைத்தவருக்குக் கண் நன்றாக இருந்திருக்கிறது. பெரிய துணிக்கடையின் இரண்டாவது மாடியில் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் விற்றுக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு முன்பே சேர்ந்தவள், தலை நரைக்கும்வரை அங்கேயேதான். அந்தக் கடையில் விற்பவர்கள் உட்காரக் கூடாது. ஆள் வராத நேரத்திலும் கூடாது. நாற்காலியே போடவில்லை என்பதால் விதியை மீறவும் வழியில்லை.

அக்கா கண்டுபிடித்த ஒரே உபாயம் இதுதான்: மேசைக்குப் பின்னால் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தக் காலை மற்ற காலின் கெண்டைச் சதையில் ஏற்றிக்கொள்வாள். கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால். எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. காலடிச் சத்தம் கேட்டால் தூக்கிய கால் தானாக இறங்கிவிடும். "வாங்க, என்ன பாக்கணும்?" என்று வாய் சொல்வதற்குள் செருப்பு மாட்டியாகியிருக்கும்.

வீட்டில் அவளைக் கேட்க யார் இருக்கிறார்கள்? ஆனாலும் அங்கேயும் அதே கதைதான். சமையல் மேடை முன்னால் ஒற்றைக் காலில் நின்று வெங்காயம் நறுக்குவாள். அவள் கணவர், எங்கள் மாமா, தண்ணீர் குடிக்க அந்தப் பக்கம் வந்தால் போதும், கால் தரைக்கு வந்துவிடும்.

இதில் சொந்தக்காரர்கள் அவளைப் பாராட்டும் அழகு வேறு. "சொந்தக் கால்ல நிக்கிறவ" என்பார்கள். மாமாவும் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்வார். அவர் ரயில் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுத்தே காலம் தள்ளியவர். நல்ல மனிதர்தான், அதை நான் மறுக்கவில்லை.

கடை வேலையை விட்ட கையோடு அக்கா பழைய சமையலறையை இடிக்கச் சொல்லிவிட்டாள். அது ஒரு இருட்டுப் பொந்து. ஜன்னல் காற்றில் அடுப்பு அணையும். பாத்திரம் கழுவும் தொட்டி ஒரு கோடியில், அடுப்பு மறு கோடியில். விளக்கு முதுகுக்குப் பின்னால் எரிவதால், நறுக்கும் காய்மீது அவள் தலை நிழல்தான் விழும்.

"புதுசுல நான் உக்காந்துதான் சமைப்பேன்" என்றாள் தச்சரிடம். "மேடை தாழ்வா இருக்கணும். கீழ ஒண்ணும் வேணாம், காலியா விடுங்க."

"காலியாவா? கதவு போட்டு மூடிட்டா பார்வையா இருக்கும்மா."

"அது என் முட்டிக்கான இடம். முட்டிக்கு யாராவது கதவு போடுவாங்களா?"

தச்சர் தலையைச் சொறிந்துகொண்டு எழுதிக்கொண்டார். அக்கா வெறும் தரையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டிச் சுழற்றினாள். கை எட்டுமிடத்தைச் சுற்றி என்னைச் சாக்பீஸால் கோடு போடச் சொன்னாள். அந்தக் கோட்டுக்குள்தான் அடுப்பு, தொட்டி, கத்தி, உப்பு எல்லாம். கடையில் அடிக்கடி கேட்கிற துணியை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் அடுக்குவார்களாம். இங்கே மடிக்கும் கண்ணுக்கும் நடுவில் என்று மாற்றிக்கொண்டாள். எப்போதாவது எடுக்கிற பெரிய பாத்திரங்களை மேல் தட்டுக்கு ஏற்றினாள்.

"அதை யாரு எடுக்கறது?" என்று கேட்டேன்.

"உங்க மாமா. அவரு நிக்கட்டும் கொஞ்சம்."

மாமா பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான், அது நியாயமான பயமும்கூட. உட்கார்ந்திருக்கும்போது கொதிக்கிற பாத்திரம் மடியில் கவிழ்ந்தால் என்ன ஆகும்? அக்கா அதையும் யோசித்து வைத்திருந்தாள். அடுப்பு விளிம்பில் இல்லாமல் ஒரு முழம் உள்ளே தள்ளி இருக்கும். விளிம்பில் மேடைக் கல்லை விரல் உயரத்துக்கு எழுப்பியிருக்கும். அடுப்பைக் கல்லுக்குள் இறக்கி மட்டமாகப் பதிப்பதால் பாத்திரத்தைத் தூக்கவே வேண்டாம், தொட்டிவரை நகர்த்திக்கொண்டே போகலாம்.

வசதி இருந்தால் போதும் என்று விடுகிறவளும் இல்லை அவள். சுவருக்கு ஓடு வாங்கப் போன கடையில், ஒவ்வொரு ஓட்டையும் தெருவுக்குத் தூக்கிக்கொண்டு போய் வெயிலில் பார்த்தாள். "கடை வெளிச்சத்துல எல்லாமே அழகு, நான் இதுலயே ஊறுனவ" என்றாள் கடைக்காரரிடம். அவர் முகம் போன போக்கை இன்னும் மறக்கவில்லை. கடைசியில் பழுத்த எலுமிச்சை நிறத்தில் ஓடும், அலமாரிகளுக்குக் கரும்பச்சையும் என்று முடிவானது. நாற்காலியும் அதே பச்சைதான், சக்கரமில்லாதது, முதுகு சாய்க்க வசதியானது.

அப்போதுதான் மாமாவின் அக்கா வந்து சேர்ந்தார். எதையும் ஒரு சுற்றுப் பார்த்துக் குறை சொல்லாமல் அவருக்குத் தண்ணீர் இறங்காது.

"உக்காந்து சமைக்கிறது நோயாளிங்க பண்ற வேலை. வர்றவங்க பாத்தா என்ன நினைப்பாங்க? நாளைக்கு வீட்டை விக்கணும்னா எவன் வாங்குவான்?"

"முடியாதவங்கதான் உக்காரணுமா அண்ணி? முடிஞ்சவ உக்காந்தா தப்பா?"

"உனக்கென்ன, கல்லு மாதிரி இருக்க."

"கல்லும் உக்காந்துதான் இருக்கு."

அன்றே ஊருக்குக் கிளம்பியிருக்க வேண்டிய அண்ணி கிளம்பாமல் தங்கிவிட்டார். கல் அறுக்கும் தூசி ஒத்துக்கொள்ளாமல் அக்கா என் வீட்டுக்கு வந்துவிட்டாள். அங்கேதான் நாங்கள் கோட்டை விட்டோம்.

வேலை முடிகிற வேளையில் இருவருமாகத் திரும்பிப் போனோம். ஓடு மின்னியது. விளக்கு சரியான இடத்தில் எரிந்தது. மேடைக்குக் கீழே, அக்காவின் முட்டிக்கான இடத்தில், இரண்டு பச்சைக் கதவுகள் பளபளவென்று கைப்பிடியோடு நின்றன. பச்சை நாற்காலி கூடத்துக்குப் போயிருந்தது. அதில் அண்ணி உட்கார்ந்திருந்தார்.

"அவ்வளவு இடம் வீணாப் போகுதேன்னு எங்க அக்கா சொன்னா" என்றார் மாமா, எங்கேயோ பார்த்தபடி. "நானும் சரின்னுட்டேன். பாரு, எவ்வளவு சாமான் வைக்கலாம். மேடை தாழ்வுதான், குனிஞ்சு செஞ்சுக்கலாம்."

அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ கதவைத் தடவிப் பார்த்தாள். பிறகு கூடத்துக்கு வந்து, சாப்பாட்டு மேசை நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் படுக்கையறைக்குள் கொண்டுபோனாள். நானும் கைகொடுத்தேன். "கொஞ்சம் எந்திரிங்க அண்ணி" என்று பச்சை நாற்காலியையும் எடுத்துக்கொண்டாள். அறையைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டாள். சோபாவில் ஏற்கெனவே சமையலறைச் சாமான்கள் குவிந்து கிடந்தன. தரை முழுக்க மரத்தூள்.

"என்ன பண்றே நீ?" என்றார் மாமா.

"இந்த வீட்டுல இப்ப கடை நேரம். முடியிற வரைக்கும் யாரும் உக்காரக் கூடாது."

"எப்ப முடியும்?"

"அந்தக் கதவு ரெண்டும் கழண்டு வந்ததும். சொந்தக் கால்ல நிக்கிறவன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, இன்னைக்கு எல்லாரும் நிப்போம்."

"நானும் பாக்கறேன்" என்று அண்ணி சுவரில் சாய்ந்தார்.

"சாயக் கூடாது அண்ணி. கேமரா இருக்கு" என்று அக்கா என்னைக் காட்டினாள். நான் கண்ணை அகல விரித்து வேலையில் சேர்ந்துகொண்டேன்.

டீ போட்டு எல்லாருக்கும் நிற்கிற இடத்திலேயே கொடுத்தாள். டிவியை நின்றபடி பார்த்தோம். அண்ணி காலை மாற்றி மாற்றி வைத்தார். மாமா ஒரு கையை இடுப்பில் ஊன்றினார், பிறகு இரண்டையும். நடுக்கூடத்தில் அக்கா மட்டும் அலுங்காமல் நின்றாள். வீட்டுச் செருப்பில் ஒன்றைக் கழற்றினாள், காலைத் தூக்கிக் கெண்டைச் சதையில் வைத்தாள். எல்லாரும் பார்க்க அவள் அப்படி நின்றது அன்றுதான்.

"அது என்ன, ஒத்தக் கால்ல?" என்றார் மாமா.

"நான் இப்படித்தான் நின்னேன். கடையிலயும், உங்க பின்னால அந்த அடுப்படியிலயும். நிக்கிறதுல என்னை ஜெயிக்க ஆள் கிடையாது. ஆனா எனக்கு அலுத்துப்போச்சு."

மாமா அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் கூடவே இருந்த மனிதருக்கு அது புதிதாக இருந்தது. அவர் முகத்தில் வெட்கம் தெரிந்தது, எனக்கு அது பிடித்திருந்தது.

"என் வீட்டுல நாற்காலி இருக்கு" என்று அண்ணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மாமா தச்சருக்குப் போன் செய்தார்.

"நாளைக்குத்தான் வருவாராம்."

"நாளைக்கு வரைக்கும் நிப்பீங்களா?"

மாமா போய் ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்துவந்தார். மேடை முன்னால் நின்று கீழே எட்டிப் பார்த்தார், எட்டவில்லை.

"கீழ உக்காரலாமா?" என்றார்.

"வேலைக்குன்னா உக்காரலாம்."

கதவைக் கழற்ற அவருக்கு நெடுநேரம் பிடித்தது. உள்ளே அடித்திருந்த தட்டுகளையும் பெயர்த்தெடுத்து, தூசியைத் துடைத்துவிட்டு, பச்சை நாற்காலியை அவரே கொண்டுவந்து போட்டார். அந்தக் கதவுகள் இப்போது மாடியில் செடித்தொட்டிகளுக்கு அடியில் கிடக்கின்றன.

மாதங்கள் கழித்து அண்ணி மறுபடி வந்தார். வீறாப்பு ஒரு பக்கம், பார்க்கும் ஆசை ஒரு பக்கம். நான் அக்கா பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா மேடைக்குக் கீழே காலை நன்றாக நீட்டி, வீட்டுச் செருப்பு இரண்டையும் கழற்றிப்போட்டுவிட்டு, வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்திலிருந்து காலடிச் சத்தம் கிட்டே வந்தது. பழக்க தோஷம், நான்தான் குனிந்து அவள் காலைப் பார்த்தேன். அது நீட்டியபடியே கிடந்தது.

அண்ணி வாசற்படியில் நின்றார். அக்கா கத்தியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"வாங்க அண்ணி" என்றாள் உட்கார்ந்தபடியே. "என்ன பாக்கணும்?"