மைக்கை வைத்த பிறகும் அசையும் வாய்

தொழிற்சங்க வாயிற்கூட்டத்தில் பேசுகிறவனுக்குத் தொண்டை கட்டினால் சுக்குக் கஷாயம் உண்டு. வாயே சொன்னபடி கேட்காவிட்டால் என்ன செய்வது என்று எந்தச் சங்கமும் சொல்லித் தந்ததில்லை. பள்ளியில் நான் படித்தது கொஞ்சம், துண்டறிக்கைகளில் படித்ததுதான் அதிகம். ஈக்காட்டுத்தாங்கல் பட்டறை வாசல்களில் ஒலிபெருக்கி இல்லாமலே பேசியவன் நான். பழைய மாத்திரை அட்டையை மருந்துக் கடையில் நீட்டி, "இதுல ஒண்ணு குடுப்பா" என்று வாங்கிப் பழகிய என் சக நோயாளிகளுக்காக இதை எழுதுகிறேன்.

பின்வாசல்

தி. நகரில் ஒரு ஜவுளிக் கடையின் பின்வாசலில், சாப்பாட்டு நேரத்தில் விற்பனைப் பெண்களைச் சந்திப்போம். வேலைக்கு நடுவே உட்கார நாற்காலி வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சட்டம் இருக்கிறது, நாற்காலிதான் இல்லை.

ஒருநாள் நான் பேச எழுந்தபோது என் தாடை தானாக எதையோ மென்றுகொண்டிருந்தது. எனக்கே அது தெரியாது. புடவைப் பிரிவில் நிற்கும் செல்வி முன்னாலிருந்து குரல் கொடுத்தாள்: "இன்னா தலைவரே மென்னுக்கினு கீறீங்க? துப்பிட்டு வந்து பேசுங்க."

நாக்கு

கடை முதலாளி பேச்சுவார்த்தைக்கு அழைத்தார். தெற்கத்திக்காரர். ஒவ்வொரு மாடிக்கும் இரண்டு நாற்காலி என்று அவர் இறங்கி வந்த நேரம் பார்த்து, என் நாக்கு வெளியே வந்து உதட்டைத் துழாவிவிட்டு உள்ளே போனது. அடக்கினேன். மறுபடி வந்தது.

அவர் முகம் சிவந்தது. பேச்சுவார்த்தை அத்தோடு முறிந்தது. எழுந்து போகும்போது சொன்னார்: "நாற்காலி கேக்க வந்தீயளா, என்னைப் பாத்து நாக்கைத் துருத்த வந்தீயளா?"

செயலாளர்

அந்தப் பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். உட்கார வைக்கப்பட்டது நான்தான். நான் வளர்த்த சங்கத்தின் செயலாளர் தேநீர் வாங்கிக் கொடுத்துச் சொன்னார்: "தோழர், இனிமே மைக்கை மத்தவங்ககிட்ட குடுத்துடுங்க. ஜனங்க உங்க வாயத்தான் பாக்குறாங்க, பேச்சைக் கேக்கல."

குறிப்பெடுப்பவர்

மயிலாப்பூர் தெருமுனைக் கூட்டத்தில் முதல் முறையாகக் கூட்டத்தோடு கூட்டமாக உட்கார்ந்திருந்தேன். எங்கள் பேச்சைக் குறிப்பெடுக்க மஃப்டியில் ஒரு போலீஸ்காரர் வருவார். என்னைப் பல வருடங்களாகக் கவனிப்பதுதான் அவர் வேலை. அன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தோழர்கள் ஒருவரும் கேட்காததை அவர் கேட்டார்: "தப்பா எடுத்துக்காத தலைவரே, மைக்கை வச்சப்புறமும் உன் வாய் ஆடிக்கினே கீது. எங்கம்மாவுக்கும் இப்படித்தான், மனநோய்க்கு மாத்திரை சாப்ட்டு வந்துச்சு. நீ இன்னா மாத்திரை சாப்புடுற?"

அடையாறு

ஓர் உண்ணாவிரதத்துக்குப் பிறகு வயிறு கெட்டது. அப்போது எழுதித் தந்த வாந்தி மாத்திரையை அன்றிலிருந்து விடவேயில்லை. அடையாறில் நரம்பு மருத்துவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீண்ட நாள் சாப்பிட்டால் சிலருக்கு இப்படி வரும் என்றார். நிறுத்தினால் குறையலாம், குறையாமலும் போகலாம். போலீஸ்காரரின் தாயைப் பற்றியும் கேட்டேன். மனநோய் மாத்திரையை மட்டும் யாரும் தானாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம்தான் பேச வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

சில நாளுக்கு எழுதியதை மருந்துக் கடையில் இத்தனை வருடம் கொடுத்தார்களே என்று கொதித்தேன். அவர் அமைதியாகக் கேட்டார்: "ஊருக்காக எல்லாரையும் ஏன்னு கேக்கறவராச்சே சார், இதை மட்டும் ஒருத்தர்கிட்டயும் கேக்கலையா?"

மறுபடி பின்வாசல்

மாத்திரையை நிறுத்தி மாதங்கள் ஆகின்றன. நாக்கு அடங்கியது, தாடை அடங்கவில்லை. செயலாளரிடம் அனுமதி கேட்காமல் அதே பின்வாசலுக்குப் போனேன். "இந்த வாய் அசையும். அது மருந்தின் வேலை. பேச்சு என் வேலை" என்றேன். எல்லாரும் என் தாடையையே பார்த்தார்கள். பேசாமல் திரும்பிவிடலாமா என்று இருந்தது. செல்வி வீங்கிய காலை மாற்றி வைத்தாள்: "உன் வாய் ஆடினா ஆடட்டும் தலைவரே, எங்க காலு நின்னுக்கினே கீது, அதைப் பேசு."

என் வாயை மூட எத்தனையோ முதலாளிகள் முயன்று தோற்றார்கள்; அது ஓயாமல் அசைய ஒரு வாந்தி மாத்திரை போதுமானதாக இருந்தது.