ஒரே கூடையில் போட்ட மரவள்ளி இலை

தேவகி மிஸ் இறந்த செய்தி வந்தபோது நான் சிரித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஹவத்தை பஸ்ஸில் கண்டக்டரைச் சீண்டிவிட்டு, அவர் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பு. அப்போதுதான் போன் அடித்தது. பெல்மதுளையில் கடை வைத்திருக்கும் மிஸ்ஸின் தம்பி. "அக்கா போயிட்டாங்க" என்றார். மிஸ் ஆஸ்பத்திரியில் இருந்ததே எனக்குத் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றவள். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவள். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் மரவள்ளியெல்லாம் இலை மஞ்சள் திட்டாகிச் சுருண்டு, கிழங்கு விரல் தடிமனோடு நின்றுபோன வருடம், ஆராய்ச்சி நிலையத்திலிருந்து மிஸ் வந்தார். வீட்டுக்கு வீடு இளம் இலை வேண்டும் என்றார். நான் ஓடிப்போய் எல்லார் தோட்டத்திலும் கிள்ளி, கொழுந்து நிறுக்கக் கொண்டுபோவது போல ஒரே கூடையில் அமுக்கிக் கொண்டுவந்தேன்.

"இதுல எது யார் வீட்டு இலை, அக்கா?"

"எல்லாம் நம்ம லயத்து இலைதானுங்க மிஸ்."

"கலந்துட்டா யாருக்கு நோய் எங்கயிருந்து வந்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

மறுபடி வீடு வீடாக நடந்தோம். இலைக்கு இலை பெயர்ச் சீட்டு. யார் கொடுத்த குச்சியை நட்டீர்கள் என்றும் கேட்டு எழுதிக்கொண்டார். இலையைக் கடுகளவு நறுக்கி மருந்துப் போத்தலில் போட்டார். சாதாரணக் கருவிக்கு அகப்படாத கிருமியாம். கண்ணுக்குத் தெரியாததைப் பெரிதாக்கிக் காட்டும் அறையளவு இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

"அம்புட்டுப் பெரிய மெசினா? அப்ப உங்களுக்குப் பாக்குற மாப்பிள்ளையையும் அதுலயே வச்சுப் பாத்துருங்க மிஸ்."

"அதுல வைக்கணும்னா முதல்ல காயவச்சு மெல்லிசாச் சீவணும். சம்மதிப்பாரான்னு கேட்டுச் சொல்லுங்க."

அடுத்த தடவை படத்தோடு வந்தார். கறுப்பு வெள்ளையில், ஒட்டிப்பிறந்த இரட்டைப் பிள்ளைகள் போல ஜோடி ஜோடியாக மணிகள். என்னை மட்டும் தனியே கூப்பிட்டார். "உங்ககிட்ட குச்சி வாங்கின எல்லா வீட்டு இலையிலும் இந்தக் கிருமி இருக்குக்கா. வேற எடத்துக் குச்சி நட்ட வீட்டுல இல்ல."

கேட்டவருக்கெல்லாம் ஆசையாய் வெட்டிக்கொடுத்தவள் நான்தான். ஆனால் நோயைப் பரப்பிய பழி மேல்லயத்து லெச்சுமி மேல் விழுந்திருந்தது. அவள் செடிதான் மோசமாகச் சுருண்டிருந்தது. அவள் அவித்துக் கொடுத்தனுப்பிய கிழங்கைத் திருப்பி அனுப்பினார்கள். செடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னபோது மிஸ் யார் பெயரையும் சொல்லவில்லை. "நீங்களே சொல்றதுதான் முறை" என்று என்னிடம் சொன்னார். நான் சொல்லவில்லை. வருடம் முழுக்கக் கிழங்கில்லாமல் பிள்ளைகள் அரைவயிற்றோடு கிடந்தபோது வாய் வரவில்லை.

அதன்பிறகு வந்தபோதெல்லாம் கேட்டார். நான் ஏதாவது பகிடி விடுவேன். "பேச்சை மாத்தாதீங்க. லெச்சுமிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்பார். கோபமில்லாத குரல். மிஸ்ஸிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். கொழுந்து மலையில் நிற்கும்போதுகூடக் கேட்கிறது.

மிஸ் போன முப்பத்தோராம் நாள் கோயில் முன்னால் நடந்த அஞ்சலிக் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, குச்சி என்னுடையது, லெச்சுமி மேல் குற்றமில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். லெச்சுமி கடைசி வரிசையில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். எல்லாரும் கைதட்டினார்கள். நான் இறங்கி வந்து உட்கார்ந்த பிறகு, மைக்செட்காரர் போய் மைக்கிலிருந்து கழன்றிருந்த வயரைச் செருகினார்.