சங்கோடு சேர்ந்த பாட்டுகள்

காலை ஆறு இருபதுக்கு என் அக்கா ஆரோக்கிய ராணி போன் செய்து, அவள் கணவர் மரியலூர்து மாமா தூக்கத்திலேயே போய்விட்டார் என்றாள்.

மாமா குடிகாட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் முப்பது வருடம் ஷிப்ட் பார்த்தவர். ரேடியோவில் வரும் ராக், பாப் பாட்டுகளை டேப் ரெக்கார்டரைப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்வார். எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் என்று கேசட்டுகளைப் பிரித்து அடுக்கியிருந்தார். ட்ரம்ஸில் இரண்டு அடி விழுந்ததுமே எந்தக் காலத்துப் பாட்டு என்று சொல்லிவிடுவார். தவறி நான் பார்த்ததில்லை.

வீடு கம்பெனிக்குப் பக்கத்திலேயே இருந்ததால், பல பாட்டுகளின் நடுவே ஷிப்ட் மாறும்போது கம்பெனியில் ஊதும் பத்து மணிச் சங்கும் பதிவாகியிருக்கும். சிதம்பரத்தில் படிக்கும்போது, அதில் ஒரு பாட்டைச் சங்கு இல்லாத கேசட்டாக வாங்கி வந்து கொடுத்தேன். முழுதும் கேட்டார்.

"சங்கு எங்க மச்சான்? அது இல்லாம கிடார் மொட்டையா நிக்குதே."

அன்றிலிருந்து எங்கே அந்தப் பாட்டைக் கேட்டாலும் நானும் சங்குக்காகக் காத்திருக்கிறேன்.

கேசட்டுகளில் பூசணம் பிடிக்கவே, அழிவதற்குள் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிடப் பார்த்தார்; ஏறிய பாட்டுகளைச் சரிசெய்து தருவது என் வேலை.

"சத்தத்த சுத்தம் பண்றேன்னு சங்க வெட்டிடாத" என்று போன வாரம்கூடச் சொன்னார்.

அடக்கம் முடிந்து வந்து மாமாவின் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். எழுபதுகளும் எண்பதுகளும் ஏறியிருந்தன. தொண்ணூறுகளின் கடைசிக் கேசட் டேப் ரெக்கார்டருக்குள் இருந்தது. அதன் இரண்டாம் பக்கம் இன்னும் ஏறவில்லை.