டயர் தோட்டம்

கிள்ளான் லிட்டில் இந்தியாவில் அமுதவள்ளி வேலை பார்க்கும் சேலைக்கடைக்குள் கால் வைத்தவர்கள் வெறுங்கையோடு வெளியே போனதாகச் சரித்திரம் கிடையாது. “இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுக்கா, அதை வச்சிட்டு இதைப் பாருங்க” என்று முகத்துக்கு நேரே சொல்வாள். அவர்களும் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு போவார்கள். கடை முதலாளியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அப்பேர்ப்பட்டவள், வெல்ஃபேர் அதிகாரி மலர்விழி அவள் வீட்டைப் பார்க்க வந்த அன்று, துப்பட்டா நுனியைத் திருகிக்கொண்டு வாயடைத்து நின்றாள்.

பின்னே நிற்க மாட்டாளா? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வயிற்றில் ஒன்று தங்கவில்லை. பார்க்காத டாக்டர் இல்லை, பத்துமலைக்கு எடுக்காத பால்குடம் இல்லை. நாற்பது தாண்டிய பிறகுதான் ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்பது என்று இருவரும் முடிவு கட்டினார்கள். காப்பகத்தில் தர்விஷா என்று நாலு வயதுப் பெண் குழந்தை இருந்தது. வீடு சரியாக இருந்தால் முதலில் கொஞ்ச காலம் உங்களோடு விட்டுப் பார்ப்போம், ஒத்துவந்தால் உங்களுக்கே என்று மலர்விழி சொல்லியிருந்தார். அந்தக் ‘கொஞ்ச காலம்’ கிடைக்குமா என்பதுதான் அன்றைய கேள்வி.

மலர்விழி அறை அறையாகப் பார்த்தார். கடைசியில் வெளியே வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டார். மூலை வீடு என்பதால் வெளியே இடத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சமில்லாத அந்த இடம் முழுக்க அமுதவள்ளியின் புருஷன் பரமேஸ்வரனின் துருப்பிடித்த சாமான்கள்தான். அவன் போர்ட் கிள்ளானில் லோரிகளுக்கு டயர் மாற்றும் பட்டறையில் வேலை செய்கிறவன். பட்டறையில் தூக்கிப்போடுவதையெல்லாம் என்றைக்காவது உதவும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பது அவன் வியாதி.

“உள்ள எல்லாம் ஓகே. வெளிய இப்படி இருந்தா பிள்ளை எங்க விளையாடும்? இதைச் சரி பண்ணுங்க, நான் மறுபடி வரேன்” என்றார் மலர்விழி. கேட்டைத் தாண்டும்போது கீழே பார்த்து, “கோலம் நல்லா இருக்கு. இதைப் பாத்தாத்தான் இது வீடு மாதிரி தெரியுது” என்றார். சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னதுதான். ஆனால் அமுதவள்ளி அதை அப்படியே நெஞ்சில் ஒட்டி வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் மேடத்துக்குப் பிடித்த ஒரே விஷயம் தன் கோலம்தான் என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பேய் பிடித்த மாதிரி வேலை. கூலிக்கு ஆள் வைக்காமல் எல்லாம் தாங்களே செய்வது என்று பிடிவாதம். நம் பிள்ளைக்கு நம் கையால் செய்ய வேண்டாமா என்றாள் அவள். துருப்பிடித்த சாமான் லோரி ஏறிப் போனது. சரக்கு அடுக்கும் பேலட் பலகையில் பரமேஸ்வரன் ஓர் ஊஞ்சல் செய்தான். முதல் தடவை அதில் அவனே உட்கார்ந்து பார்த்து, பலகையோடு கீழே விழுந்தான். அவள் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அவள் கடையில் மிஞ்சிய துணித் துண்டுகளில் கொடித் தோரணம் தைத்தாள், பாட்டில் மூடிகளைக் கோத்துக் காற்றில் கிலுகிலுக்கும் சரம் கட்டினாள். இரண்டு பேரும் இப்படிச் சேர்ந்து சிரித்து எத்தனை காலமோ ஆகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே பரமேஸ்வரனின் பெருமை அந்த டயர்கள்தான். பழைய டயர்களுக்கு மஞ்சளும் சிவப்பும் நீலமுமாகப் பெயின்ட் அடித்து, கேட்டை ஒட்டிய சுவரில் வரிசையாக மாட்டினான். ஒவ்வொரு டயரின் அடிக்குழிவிலும் ஒரு பெயின்ட் டின், டின்னுக்குள் செம்மண், செம்மண்ணில் ஒரு பூச்செடி. டயரின் அடியில் ஓட்டை போட்டான்.

“இந்த ஓட்டையில மட்டும் கை வைக்காத, அமுதா. தண்ணி வெளிய போயிடணும். நின்னுச்சுன்னா கொசு வந்துடும்” என்று இரண்டு தரம் சொன்னான்.

“சரிங்க, சரிங்க. எனக்குத் தெரியாதா லா?” என்றாள் அவள்.

மலர்விழி மறுபடி வந்தார், பார்த்தார், சிரித்தார். தர்விஷா ஒரு சின்னப் பையோடு வந்து சேர்ந்தாள். முதல் சில நாள் அந்தக் குழந்தை எதையும் கேட்டு வாங்கவில்லை. சோறு வைத்தால் சாப்பிட்டது, படு என்றால் படுத்தது. ஊஞ்சலில்கூட அனுமதி கேட்டுத்தான் ஏறியது. பிறகு மெல்ல மெல்ல வாய் திறந்தது. காலையில் அமுதவள்ளி கோலம் போட உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து குந்திக்கொள்ளும். “ஆன்டி, இந்தப் புள்ளி நான் வைக்கிறேன்” என்று அவள் கையைப் பிடித்து இழுக்கும். அமுதவள்ளிக்குத் தலைகால் புரியவில்லை. தினமும் கடைக்கு லேட்டாகப் போனாள், முதலாளி முறைத்ததை அவள் கண்டுகொள்ளவே இல்லை.

மழைக்காலம் வந்தது. சாயங்காலம் ஆனால் கொட்டு கொட்டென்று கொட்டும். டயர் ஓட்டை வழியே செம்மண் தண்ணீர் விடிய விடியச் சொட்டி, வாசல் சிமென்ட் முழுக்கச் சிவப்பாக ஓடியது. காலையில் போட்ட கோலத்தின் மேலும் சொட்டி, அரை மணியில் எல்லாம் சேறு. மலர்விழி மேடம் எந்த நாள் வேண்டுமானாலும் சொல்லாமல் வருவார். வரும்போது வாசல் இப்படியா இருப்பது? அமுதவள்ளிக்கு எரிச்சலான எரிச்சல். ஒரு காலை, சேலையின் கீழோரத்தில் வைத்துத் தைக்கும் ஃபால்ஸ் துணித் துண்டுகளை எடுத்து, ஓட்டை ஓட்டையாகத் திணித்து அடைத்தாள். தர்விஷா ஒவ்வொரு துண்டாக எடுத்து நீட்டினாள். மழை விட்டதும் பிடுங்கிவிடலாம் என்றுதான் நினைத்தாள், மனுஷி. சொட்டு நின்றது, கோலம் நின்றது, அவளும் மறந்தே போனாள். புருஷனிடம் சொல்லவுமில்லை. சொன்னால் கத்துவானே.

குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது மழையில் நனைந்ததால் என்றுதான் நினைத்தார்கள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று அழுதது, தண்ணீர் கொடுத்தாலும் வாந்தி எடுத்தது. கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு டிங்கி, கொசு கடித்து வரும் காய்ச்சல் என்றார்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போனது. காய்ச்சல் விட்ட அன்று அமுதவள்ளி அப்பாடா என்று உட்கார்ந்தாள். இனிமேல்தான் ஆபத்தான கட்டம் என்றார் நர்ஸ். குழந்தையின் ஈறில் ரத்தம் கசிந்தது. அம்மா, மாரியாத்தா, என் ஆயுசை எடுத்துக்கோ என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நர்ஸிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு இருவரும் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோதுதான் சுகாதார இலாகா ஆட்கள் வந்திருந்தார்கள். டிங்கி கண்ட வீடு என்றால் வந்து பார்ப்பார்கள். பரமேஸ்வரன் அவர்களுக்குத் தன் தோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். தண்ணீர் நிற்க வழியே இல்லை, எல்லாவற்றுக்கும் ஓட்டை போட்டிருக்கிறேன் என்று மலாயில் பெருமையாகச் சொன்னான். ஒருவர் மஞ்சள் டயருக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “ஜெந்திக்-ஜெந்திக்” என்றார். டின்னைச் சுற்றி நின்ற தண்ணீரில் கொசுப் புழுக்கள் மேலும் கீழுமாகத் துடித்தன. சிவப்பு டயரிலும் அதே கதை. நீலத்திலும் அதே. அவர் டயரின் அடி ஓட்டையில் விரலை விட்டு ஒரு ஆரஞ்சுத் துணியை உருவி எடுத்தார்.

பரமேஸ்வரன் அந்தத் துணியைப் பார்த்தான். பிறகு பெண்டாட்டியைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் வழியில் காருக்குள் அவள் உடைந்துபோனாள். “என்னைத் திட்டுங்க. நாலு அறை வேணும்னாலும் அறைங்க. கோலம் அழியுதேன்னு அடைச்சேங்க. என் கையாலயே அந்தப் பிள்ளையைக் கொல்லப் பாத்தேனே, பாவி நான்!”

அவன் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “அழுது பிரயோஜனமில்ல. மேடம் கேட்டா நமக்குத் தெரியாதுன்னுதான் சொல்லணும். சொல்லியும் நீ அடைச்சேன்னு தெரிஞ்சா பிள்ளையை விட மாட்டாங்க. வாயைத் திறக்காத, அமுதா. உன் கால்ல வேணா விழுறேன்.”

இத்தனை வருஷத்தில் அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் சரி என்றாள்.

சாமி புண்ணியத்தில் பிளேட்லெட் ஏறத் தொடங்கியது. குழந்தை கஞ்சி குடித்தது, பக்கத்துக் கட்டில் பொம்மையை எட்டிப் பார்த்தது. நாளைக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு மலர்விழி வந்தார். சத்தம் போடவில்லை, தாழ்ந்த குரலில்தான் கேட்டார்.

“டயர்ல புழு இருந்துச்சாமே. ஓட்டை எல்லாம் துணி வச்சு அடைச்சிருந்துச்சுன்னு சொல்றாங்க. யார் அடைச்சது?”

பரமேஸ்வரன் முந்திக்கொண்டான். “தெரியல மேடம். நான் ஓட்டை போட்டுத்தான் மாட்டினேன்.”

“நான்தான் அடைச்சேன்” என்று கட்டிலிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

மூவரும் திரும்பினார்கள். தர்விஷா எழுந்து உட்கார்ந்திருந்தாள். உதடு பிதுங்கியது. “நான்தான் மேடம் துணி வச்சேன். அதான் எனக்குக் காய்ச்சல். இனிமே செய்ய மாட்டேன். என்னைத் திருப்பி அனுப்பாதீங்க.”

மலர்விழியின் முகம் இளகிவிட்டது. “ஐயோ, சின்னப் பிள்ளை, விளையாட்டா செஞ்சிட்டியா?” என்று குழந்தையின் தலையைத் தடவினார். பரமேஸ்வரன் பெண்டாட்டியை ஒரு பார்வை பார்த்தான். இருந்துவிடு, இப்படியே இருந்துவிடு என்று கெஞ்சிய பார்வை. வேறு ஒன்றும் செய்ய வேண்டாம், சும்மா இருந்தால் போதும். நாளைக்குப் பிள்ளை வீட்டுக்கு வந்துவிடும். நாலு வயதுக் குழந்தையை யார் குற்றம் சொல்லப் போகிறார்கள்?

யாரும் சொல்ல மாட்டார்கள்தான். ஆனால் அந்தக் குழந்தை தனக்குத் தானே சொல்லிக்கொள்ளுமே! அமுதவள்ளி கட்டில் ஓரம் உட்கார்ந்து அதன் கையைப் பிடித்தாள்.

“நீ ஒண்ணுமே பண்ணல, தங்கம். ஆன்டி கேட்டேன், நீ எடுத்துக் குடுத்தே. அடைச்சது ஆன்டிதான்.” பிறகு மலர்விழியிடம் திரும்பினாள். “நான்தான் மேடம். அவரு தொடாதேன்னு சொல்லியிருந்தாரு. கோலம் கலையுதுன்னு அடைச்சேன். யார்கிட்டயும் சொல்லல. இப்பவும் மறைக்கத்தான் பாத்தோம்.”

பரமேஸ்வரன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான். மலர்விழி குழந்தையின் தலையிலிருந்து கையை எடுத்தார்.

“தெரியாம நடந்திருந்தா அது வேற, அமுதவள்ளி” என்றார். “நீங்க சொன்னதை நான் மேல சொல்லித்தான் ஆகணும். நாளைக்குப் பிள்ளையைக் காப்பகத்துக்குத்தான் கூட்டிட்டுப் போவேன். அப்புறம் என்னன்னு மேல முடிவு பண்ணுவாங்க. நான் ஒண்ணும் வாக்குக் குடுக்க முடியாது.”

மறுநாள் அமுதவள்ளியே குழந்தைக்குத் தலை வாரினாள், தான் தைத்த கவுனைப் போட்டுவிட்டாள். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு அத்தனையும் செய்தாள். கொஞ்ச நாள் அங்கே இரு, அங்கிளும் நானும் பார்க்க வருவோம் என்று சொல்லி வைத்தாள். தர்விஷா எல்லாவற்றுக்கும் தலையாட்டியது. புரிந்ததா இல்லையா, அவளுக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் மலர்விழியின் கார் நின்றது. பரமேஸ்வரன் குழந்தையைத் தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அமுதவள்ளி குனிந்து பையை உள்ளே வைத்தாள்.

தர்விஷா பையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டது. பிறகு நகர்ந்து நகர்ந்து அந்தப் பக்கக் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, காலியான சீட்டைக் கையால் தட்டிக் காட்டியது.

“ஏறுங்க ஆன்டி. இடம் இருக்கு. அங்கிளுக்கும் இருக்கு.”