டோரின் கீக்கு ஒரு பேஸ் கிட்டார்

கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்டின் வீடு எது என்று கேட்டால், "எந்த ஒஸ்வால்ட்?" என்பார்கள். பேஸ் ஒஸ்வால்ட் என்றால் கை நீட்டிக் காட்டிவிடுவார்கள். பகலில் துறைமுகத்தில் கொள்கலன்களை விடுவித்துக் கொடுக்கும் கம்பனி ஒன்றில் கிளார்க் வேலை. சனிக்கிழமைகளில் கலியாண விருந்துகளில் பேஸ் கிட்டார். ஞாயிறு தேவாலயப் பூசையில் பாடகர் குழுவோடு அதே பேஸ் கிட்டார். வயது ஐம்பத்தாறு. மெலிந்த ஆள், தடித்த கண்ணாடி, எதற்கும் அவசரப்படாத நடை.

பேஸ் வாசிப்பவரை யாரும் பார்ப்பதில்லை. பாடுகிறவரைத்தான் பார்க்கிறார்கள். ஒஸ்வால்டின் குழுவில் பாடியவர் அவருடைய மனைவி டோரின். கலியாணத்துக்கு முன்பே ஒரே மேடையில் நின்றவர்கள். டோரின் நடுவில், ஒஸ்வால்ட் அவருக்கு இடப்பக்கம் ஒரு எட்டுப் பின்னால். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக அந்த இடம் மாறவில்லை. பிள்ளைகள் இல்லை. சனிக்கிழமைகள் இருந்தன.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாட்டை எந்தச் சுருதியில் வாசிப்பது என்பதை ஜீ, டீ என்று ஆங்கில எழுத்தால் சொல்லமாட்டார்கள். "டோரின் கீ" என்பார்கள். புதிதாக வரும் கிட்டார்காரன் ஒவ்வொரு பாட்டுக்கும் டோரின் கீ எது என்று பாடமாக்கிய பிறகே மேடை ஏறலாம். சினிமாப் பாட்டு, துள்ளி ஆடும் பைலா, சோடிகள் ஒட்டி நின்று ஆடும் மெதுவான ஆங்கிலப் பாட்டு, எல்லாமே அவர் குரலின் அளவுக்கு வெட்டித் தைத்தவை.

2023இன் கடைசியில் டோரினின் கழுத்தில் தைரொயிட் கட்டியை எடுக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. குரலுக்குப் போகும் நரம்பு கட்டியோடு ஒட்டிக் கிடக்கிறது, பழையபடி வருமென்று சொல்லமுடியாது என்று டொக்டர் முதலே சொல்லியிருந்தார். சில மாதங்கள் வெறும் காற்றுத்தான் வந்தது. பிறகு குரல் வந்தது. ஆனால் தாழ்ந்து வந்தது. மேல் சுரங்கள் போய்விட்டன.

முதல் ஒத்திகை வெள்ளவத்தையில், பிரியந்தனின் பிளாட்டில் நடந்தது. கீபோர்ட் வாசிப்பவரும் குழுவை நடத்துபவரும் பிரியந்தன்தான். அவருடைய கீபோர்டில் ஒரு பட்டன் இருக்கிறது. அதை அமர்த்தினால் விரல்கள் பழைய இடத்திலேயே ஓட, பாட்டு மட்டும் கீழே இறங்கும். ஜீயில் இருந்த பாட்டை டீக்கு இறக்கினார். டோரினுக்கு அது வசதியாக இருந்தது. கிட்டார்காரனும் சமாளித்தான். பேஸால் முடியவில்லை. நாலு தந்தி பேஸின் அடிச்சுரம் ஈ. அதற்குக் கீழே டீ கிடையாது. டீ வேண்டுமென்றால் மேலே ஏறித்தான் எடுக்கவேண்டும். பாட்டு முழுவதும் கீழே இறங்கி நிற்க, பேஸ் மட்டும் மாடியில் நின்றது.

"அண்ணை, பாட்டுக்குக் காலே இல்லாத மாதிரிக் கிடக்கு," என்றார் பிரியந்தன்.

டோரின் தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனபோது அவர் குரலைத் தாழ்த்தினார். "கோவிக்காதேங்கோ. உங்கட கோயில் குவயரில ரொஷேல் எண்டு ஒரு பிள்ளை பாடுதாமே. மாசி மாதக் கலியாணத்துக்கு அவவைக் கேட்டுப் பாப்பமோ?"

"டோரின் பாடல்லன்னா நானும் வரமாட்டேன்."

"நான் அப்பிடிச் சொல்லேல்லை அண்ணை."

"மாசி வரைக்கும் டைம் தாங்க. நான் பேஸ மாத்துறேன்."

ஐந்து தந்தித் தேடல் அப்படித்தான் தொடங்கியது. ஐந்தாவது தந்தி ஈக்கும் கீழே, பீயில் நிற்பது. டோரினுக்கு வேண்டிய டீ அதில் இருக்கிறது. அது சரியாக அமைந்தால் டோரின் மேடையில் நிற்பார். அமையாவிட்டால் ரொஷேல் நிற்பாள். ஒஸ்வால்ட் அப்படித்தான் கணக்குப் போட்டார்.

ரூபாய் விழுந்த பிறகு நல்ல புதுக் கருவிகள் அவருக்கு எட்டாத உயரத்துக்குப் போயிருந்தன. மலிவானதும் சரிவராது. ஒரே கருவி கலியாண வீட்டில் பைலாவுக்கு அதிரவேண்டும், கோயிலில் ஓர்கனோடு தணிந்து பேசவேண்டும். ஆகவே தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் இரண்டு வேண்டும். பட்டரி செத்தால் நடுப்பூசையில் ஊமையாகிவிடாமல் இருக்க, பட்டரி இல்லாமலும் ஓடும் சுவிட்ச் வேண்டும். நாலு தந்திக்குப் பழகிய கைக்குக் கழுத்து அகலமாக இருக்கக்கூடாது. தோளை அறுக்கும் பாரமும் கூடாது.

மதியச் சோற்றைச் சுருக்கிக்கொண்டு கடைகள் ஏறினார். பொரளையில் பார்த்த சீனக் கருவியின் அடித்தந்தி கொடிக்கயிறு போலத் தொய்ந்தது. தெமட்டகொடை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒருவர் விற்க வைத்திருந்த பழைய ஜப்பான் பேஸ் குரலில் அருமை, கழுத்து வளைந்துவிட்டது. மருதானையில் ஒன்று எல்லாவற்றிலும் பொருந்தியது. தூக்கிப் பார்த்தால் அம்மிக்கல்.

பிரியந்தன் போனில் சிரித்தார். "அண்ணை, நீங்கள் கிட்டார் பாக்கிறியளோ, பொம்பிளை பாக்கிறியளோ? எல்லாத்திலையும் ஒரு குறை சொல்லுறியள்."

"பொண்ணு பாக்க நான் ஒரே இடத்துக்குத்தான் போனேன். இதுதான் கஷ்டம்."

கடைசியில் நுகேகொடையில் கிடைத்தது. இந்தோனேசியாவில் செய்தது, கழுத்து வழக்கத்தைவிட ஓர் அங்குலம் நீளம். அந்த நீளத்தில்தான் அடித்தந்தி இழுபட்டு இறுக்கமாக நின்றது. கடையில் உள்ளதிலேயே சின்ன அம்ப் ஸ்பீக்கரைக் கேட்டு, அதில் கருவியை மாட்டினார் ஒஸ்வால்ட். சின்னதிலேயே சுரம் தெளிவாகக் கேட்டால் எங்கேயும் கேட்கும் என்பது அவர் நம்பிக்கை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

கடையில் நின்ற சாமினி என்ற பெண் சிங்களத்தில் கேட்டாள்: "அங்கிள், ஒரு தந்தியையே தட்டிக்கிட்டு இருக்கீங்க. மத்த நாலுக்கும் கோவம் வராதா?"

"அதுகளை எனக்குத் தெரியும் மகள். இதைத்தான் தெரியாது."

"ஏன் கண்ண மூடிக்கிட்டு?"

"ஒருத்தங்க பாடுறாங்க."

சாமினி சுற்றிப் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. "நல்லாப் பாடுறாங்களா?"

"ரொம்ப நல்லா."

அது பல வருடப் பழக்கம். தனியாக வாசிக்கும்போதும் டோரினைத் தனக்குள் பாடவிட்டுத்தான் வாசிப்பார். அன்று அவருக்குள் பாடிய குரலுக்கு அந்த பேஸ் அச்சாகப் பொருந்தியது. வாங்கிவிட்டார்.

வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் கோவிக்காத சத்தத்தில் வாசித்துக் காட்டினார். டோரின் வெங்காயம் உரித்துக்கொண்டே ஒரு வரி பாடினார். "நல்லா இருக்கு ஒஸி. வயித்துக்குள்ள வந்து நிக்குது."

மாசிக் கலியாணம் கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில், பகல் விருந்து. ஆள் உயர ஸ்பீக்கர்கள். டோரின் நீலச் சேலையில் மைக்கைப் பிடித்தார். ஒஸ்வால்ட் அடித்தந்தியில் டீயைத் தொட்டார். தரை அதிர்ந்தது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பி அவரைப் பார்த்தார்கள். பிரியந்தன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு அந்த விரல் இறங்கியது. டோரினின் உதடுகள் அசைந்தன. குரல் வரவில்லை. வந்தது, பேஸின் அடியில் கிடந்தது. தாழ்ந்துபோன குரலும் புதிய தந்தியும் ஒரே ஆழத்தில் நின்றன. பெரியது சின்னதை மூடிவிட்டது. சவுண்ட்காரர் மைக்கைக் கூட்டினார், அது வீரிட்டது. ஒஸ்வால்ட் பேஸைக் குறைத்தார். அப்போது குரல் தனியாக வெளியே வந்தது. பாதி காற்று, பாதி கரகரப்பு. நடுவில் ஒரு வார்த்தை உடைந்தது. முன்வரிசை மேசையில் யாரோ தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆடிய சோடிகள் பிரிந்தன.

டோரின் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையைப் பின்னால் கொண்டுவந்து, உள்ளங்கையை மேலே பார்க்க வைத்து, இரண்டு முறை உயர்த்தினார். கூட்டு என்று அர்த்தம். ஒஸ்வால்ட் காணாதவர் போல நின்றார். கை மறுபடியும் உயர்ந்தது.

அவர் கூட்டினார்.

டோரின் சிரித்த முகத்தோடு அந்தப் பாட்டை ஒரு சொல் விடாமல் பாடி முடித்தார். யாருக்கும் கேட்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போது வேனின் பின் இருக்கையில் இருவரும் மட்டும்.

"நான் கூட்டியிருக்கக் கூடாது," என்றார் ஒஸ்வால்ட்.

"நான்தானே கூட்டச் சொன்னேன்."

"ஏன் சொன்ன?"

"நீங்க குறைச்சப்ப நான் பாடுறது எனக்குக் கேட்டிச்சு." டோரின் வெளியே நின்ற லொறிகளைப் பார்த்தார். "அவங்களுக்கும் கேட்டிச்சுதானே."

"வேற ஒண்டு பாப்போம். இவ்வளவு அடி இல்லாதது. அந்தக் கடையில மாத்தித் தருவாங்க."

"இத்தனை கடை ஏறினீங்களே. ஒரு கடைக்காவது என்னையக் கூட்டிட்டுப் போகணும்னு தோணல்லயா?"

"நீ பாடுறது எனக்குத் தெரியும்தானே டோரின்."

"உங்களுக்குத் தெரிஞ்சது பழசு, ஒஸி."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

"அந்தப் பிள்ளை ரொஷேலைக் கூப்பிடச் சொல்லுங்க," என்றார் டோரின். "பிரியந்தன் சொன்னது எனக்கு அண்டைக்கே விளங்கிச்சு. குசினி என்ன அவ்வளவு தூரமா?"

"நீ இல்லாம நான் போகமாட்டேன்."

"சனிக்கிழமை ரெண்டு பேரும் வீட்டில உக்காந்து ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்துக்கிட்டு என்ன செய்ற? போங்க."

போனார். ரொஷேலின் குரல் மேலே பறக்கும். பாட்டுகள் பழைய உயரத்துக்குத் திரும்பின, சில அதற்கும் மேலே போயின. ரொஷேல் நல்ல பிள்ளை. டோரின் ஆன்ட்டி எந்த வரியில் மூச்செடுப்பார் என்று கேட்டுக் கேட்டுப் படித்துக்கொண்டாள். டோரின் மண்டபங்களுக்கு வருவதில்லை. சனிக்கிழமை மத்தியானம் ஒஸ்வால்டின் சட்டையை அயன் பண்ணிக் கொடுத்து அனுப்புகிறார். ஞாயிறு பூசையில் சனத்தோடு சனமாக நின்று பாட்டுப் புத்தகத்தைத் திறந்து பிடித்திருக்கிறார். வாய் திறப்பதில்லை.

"அதை வித்துப்போட்டுப் பழைய நாலு தந்திக்கே போகலாமே அண்ணை," என்று பிரியந்தன் ஒருநாள் சொன்னார்.

"கை பழகிட்டுது," என்றார் ஒஸ்வால்ட்.

ரொஷேலின் பாட்டுகள் எதிலும் ஐந்தாவது தந்திக்கு வேலை இல்லை. அதற்காக அதைச் சும்மா விடவும் முடியாது. மற்றத் தந்திகளைத் தொட்டால் அதுவும் தானாக அதிர்ந்து, அடியில் முனகத் தொடங்கிவிடும். ஆகவே ஒஸ்வால்ட் வலக்கைப் பெருவிரலை அதன்மேல் அழுத்தி, பாட்டு முடியும்வரை எடுக்காமல், மற்ற நாலு தந்திகளில் வாசிக்கிறார்.