முப்பத்திரண்டு சென்ட்டா, முப்பதா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. திருவள்ளூரில் ஒரு நகைக்கடை. கவுண்டரில் இரண்டு வைரங்கள். தேவராஜ் சட்டைப் பையிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்தார். வைரத்தை அளக்க!

கவுண்டரில் இருந்த பெண் அலறியேவிட்டார்.

தேவராஜ் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரர். கவரைப்பேட்டையில் இருபது வருடமாக அடுத்தடுத்த வாசல். கும்மிடிப்பூண்டியில் ஒரு வார்ப்பட ஃபேக்டரியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். வெர்னியர் இல்லாமல் அவர் கறிகாய் வாங்கப் போய்க்கூட நான் பார்த்ததில்லை. சரி, எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? “நாங்க ரெண்டு பேரு மட்டும் போனா சண்ட வரும்ணா, நீயும் வா” என்று அவர் மனைவி ஸ்டெல்லா இழுத்துப் போனார். போகிற வழியில் டிபன் உண்டு என்றதும் நானும் கிளம்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம் ஆகிறது. சர்ச்சில் ஃபாதர் மோதிரத்தை ஆசீர்வதிப்பார், தேவராஜ் மறுபடி ஸ்டெல்லாவுக்குப் போட்டுவிட வேண்டும். முதல் தடவை அந்த விரலில் ஏறியது இரவல் மோதிரம் – தேவராஜின் அத்தையுடையது. மறுநாள் காலை, ஸ்டெல்லா காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அத்தை வாசலில் வந்து நின்றுவிட்டார். கழற்றிக் கொடுத்தாயிற்று. ஸ்டெல்லா இதை ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. மறந்ததும் இல்லை.

அதனால் இந்தத் தடவை சொந்த மோதிரம். ஒற்றைக்கல் வைரம்.

இன்னும் பதிக்காத இரண்டு கற்களைக் காட்டினார்கள். ஒன்று முப்பத்திரண்டு சென்ட், இன்னொன்று முப்பது. (நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு காரட்.) நிறம், சுத்தம் எல்லாம் ஒன்றுதான். விலையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் லேப் ரிப்போர்ட்டில் ‘கட்’, அதாவது பட்டை தீட்டிய நேர்த்தி என்ற இடத்தில் மட்டும் பெரிய கல்லுக்கு ‘குட்’, சின்னதற்கு ‘எக்ஸலண்ட்’. நடுவில் ‘வெரி குட்’ என்று ஒன்று உண்டாம். ஆக, ‘குட்’ என்பது மூன்றாவது ரேங்க்.

ஸ்டெல்லா முப்பதைக் காட்டினார். தேவராஜ் முப்பத்திரண்டைக் காட்டினார். ஆரம்பித்தது.

“வெயிட்டு கம்மினா உள்ள ஓட்ட இருக்குன்னு அர்த்தம்.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் ஃபேக்டரியில் வார்ப்பு ஆறியதும் முதலில் தராசில் ஏற்றுவார்கள். எடை குறைந்தால் உள்ளே காற்றுக் குமிழி... தூக்கி ஓரமாகப் போட வேண்டியதுதான். இருபத்தெட்டு வருடமாக அதையே செய்கிற மனிதர் வேறு எப்படி யோசிப்பார்?

“இன்னாங்க, இது இரும்பு வால்வா? மோதரங்க! நா போட்டுக்கப் போறது.”

“நாலு பேரு கேப்பாங்க ஸ்டெல்லா. எத்தினி சென்ட்டுன்னுதான் கேப்பாங்க. அன்னிக்கு இரவலு, இன்னிக்கு கம்மின்னு ஆயிடக் கூடாது.”

கடைசி வரியில் அவர் குரல் இறங்கிவிட்டது. மறக்காதவர் ஸ்டெல்லா மட்டுமல்ல என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. மனசு கஷ்டமாக இருந்தது.

அந்தச் சங்கடத்தில்தான் அவர் கை வெர்னியருக்குப் போனது.

“சார், சார்! அளவு ரிப்போர்ட்லயே இருக்கு சார்!”

படித்தோம். முப்பது சென்ட் கல்லின் அகலம் 4.3 மில்லிமீட்டர். முப்பத்திரண்டு சென்ட் கல்? 4.2! தேவராஜ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“வெயிட்டு ஜாஸ்தி, சைஸு கம்மி. அப்ப மீதி மெட்டீரியல் எங்க போச்சு?”

“கீழ, வயித்துல சார்” என்றார் அந்தப் பெண். பட்டை தீட்டும்போது எடை போய்விடக் கூடாதென்று அடிப்பக்கத்தை ஆழமாக விட்டுவிடுவார்களாம். மோதிரத்தில் பதித்தபின் அது கண்ணுக்குத் தெரியாது. மேலே திரும்பி வர வேண்டிய வெளிச்சம் கீழ்வழியாக நழுவிப் போய்விடும்.

லேபில் இதைத்தான் பிடிக்கிறார்கள். கல்லை ஒரு மெஷினில் வைத்துச் சுற்றவிட்டு, மேல்பக்கக் கோணம், கீழ்ப்பக்கக் கோணம், நடு விளிம்பின் தடிமன் எல்லாவற்றையும் அளக்கிறார்கள். எவ்வளவு வெளிச்சம் திரும்பி வரும் என்பதைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். பாலிஷையும் பட்டைகளின் ஒழுங்கையும் பத்து மடங்கு லென்ஸில் மனிதக் கண் பார்க்கும். இப்படிப் பல விஷயங்களுக்கு மார்க். சில லேப்களில், எதில் மார்க் குறைவோ அதற்குமேல் மொத்த கிரேடு ஏறாதாம். மனிதர்களுக்கு இந்த முறை வராமல் இருக்க வேண்டும். வந்தால் என் கதி ‘புவர்’தான்.

தேவராஜ் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது அவருடைய ஏரியா அல்லவா?

“கீழ்ப்பக்க ஆங்கிள் எத்தினி?”

“சின்னது நாப்பது புள்ளி எட்டு சார். பெருசு நாப்பத்திரண்டு புள்ளி எட்டு.”

“ரெண்டு டிகிரியா? நா அரை டிகிரிக்கே ரிஜெக்ட் பண்றவன்மா!”

முப்பத்திரண்டு சென்ட்டைத் தானே நகர்த்தி வைத்தார். ஸ்டெல்லா என்னைப் பார்த்துச் சிரித்தார். என் வேலை அத்தோடு முடிந்தது.

கல்லைப் பதித்து மோதிரம் வந்தது. அடுத்த வார ஞாயிறு, ஆசீர்வாதம் முடிந்து சர்ச் வாசலில், எதிர்பார்த்தபடியே ஒருவர் கேட்டார். “எத்தினி சென்ட்டு தேவராஜு?”

“நாப்பது புள்ளி எட்டு டிகிரி” என்றார் தேவராஜ், ரொம்ப அமைதியாக. கேட்டவர் தலையாட்டிவிட்டு பிரியாணிப் பக்கம் போய்விட்டார்.

மறுநாள் காலை ரயில்வே ஸ்டேஷனில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். டிபன் பையைப் பிடித்திருந்த விரலில் மோதிரம், வெயில் பட்டு மின்னியது. முகத்தில் மட்டும் ஏதோ வெட்கம்.

“என்னம்மா?”

“காலைல காப்பி குடிச்சிக்கினு இருந்தேனா... வாசல்ல யாரோ கூப்ட்டாங்க. எனக்கே தெரியாம கைய மூடிக்கினேன்ணா.”

“யாரு?”

“பால் போடறவரு. அப்பால உக்காந்து, காப்பிய முழுசா குடிச்சேன்.”