நான் டெலிவரி செய்யாத இருபத்திரண்டு புத்தகங்கள்

1. பெட்டியில் இருந்தவை

சர்வீஸில் இருந்த காலம் முழுவதும் ஒரு மணியார்டரில்கூட நான் கை வைத்ததில்லை. ஆனால் இருபத்திரண்டு தபால்களை உரியவரிடம் கொடுக்காமல் என் வீட்டு டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். டிபார்ட்மென்ட் பாஷையில் இதற்கு என்ன பெயர் என்று இன்று வேலையில் இருக்கும் பிள்ளைகளுக்குத் தெரியும். நான் திருட்டு என்றே எழுதுகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு "நல்ல மனசுய்யா உனக்கு" என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களோடு நான் பேச்சை நிறுத்திக்கொண்டேன்.

ஆட்களின் பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரின் பெயரையும் ஆபீஸின் பெயரையும் எழுதப்போவதில்லை. திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற ரோட்டில், கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள சில கிராமங்கள் நான் தபால் கொடுக்கிற பீட். ஐம்பதுகளின் கடைசியில் சேர்ந்தேன். ஒரு சைக்கிள், ஒரு காக்கிச் சட்டை, தோளில் ஒரு பை. காலையில் பஸ்ஸில் தபால் பேக் வரும், பிரித்து அடுக்குவோம், பத்து மணிக்குள் கிளம்பியாக வேண்டும். எங்கள் சப் போஸ்ட் மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே "ஜல்தி, ஜல்தி" என்று மேஜையைத் தட்டுவார்.

முதல் நாள் டெலிவரியிலேயே ஏரிக்கரையில் ஒருவர் என்னை நிறுத்தினார். மடியில் ஒரு நோட்டு, காதில் ஒரு பென்சில்.

"எனக்கு இன்னா இருக்குது தம்பி?"

"பேரு சொல்லுங்கண்ணா."

"தணிகாசலம்."

ஒன்றும் இல்லை. மறுநாளும் கேட்டார், மறுநாளும் ஒன்றும் இல்லை. அவருக்கு யாரும் எழுதுவதில்லை என்று எனக்குப் புரிய ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டுவிட்டது.

2. வாழைநார் முடிச்சு

தணிகாசலத்துக்கு ஏரிக்குக் கீழே இரண்டு காணி நிலம். அப்பன் வழியில் வந்தது. ஒரு கிணறு, வரப்பில் எட்டுப் பனைமரம், ஒரு நாவல். மழை பெய்தால் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பெய்யாவிட்டால் கேப்பை. எட்டாவது வரை படித்தவர். உழுத நேரம் போக மீதி நேரமெல்லாம் கரையில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்ப்பார், எழுதுவார். ஊரில் அவரைக் கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. "கொக்குக்குக் காவல் இருக்கிறவன்" என்பார்கள். அவர் மனைவி பச்சையம்மாள் அண்ணிக்கு எழுத்து தெரியாது. ஆனால் அவர் எழுதும்போது யாராவது போய்ப் பேச்சுக் கொடுத்தால் களைக்கொட்டைக் கையில் வைத்துக்கொண்டே விரட்டுவார்.

ஒரு நாள் தணிகாசலம் நோட்டை என்னிடம் நீட்டினார். நான் கவிதை படிக்கிறவன் இல்லை. ஆனாலும் இரண்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

கொக்கு நிற்கிறது.
தண்ணீர் அதைச் சுற்றிப் போகிறது.
மீன் வரும்வரை
இரண்டுக்கும் வேலை இல்லை.

இன்னொன்று:

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கினேன்.
மண் விடவில்லை.
அதற்கும் பிள்ளைதானே.

நல்ல கவிதையா, கெட்ட கவிதையா, எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் அதைப் படித்த பிறகு மல்லாட்டை பிடுங்குகிற இடத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பேன்.

அந்த வருஷ மல்லாட்டைக் காசைக் கொண்டுபோய் விழுப்புரத்தில் ஒரு அச்சாபீஸில் கொடுத்துப் புத்தகம் போட்டுவிட்டார். சின்னப் புத்தகம், மஞ்சள் அட்டை. தமிழ்ப் பண்டிதர்கள், ஹைஸ்கூல் ஹெட்மாஸ்டர்கள், பத்திரிகை ஆபீஸ்கள், விழாவில் பேசுகிற பெரிய மனிதர்கள் என்று நாற்பது விலாசம் சேகரித்து வைத்திருந்தார். நாற்பது புத்தகத்துக்கும் காகிதம் சுற்றி, இரண்டு பக்கமும் திறந்து விட்டு, வாழைநாரால் கட்டினார். புக் போஸ்டில் போக வேண்டும் என்றால் அப்படித்தான் கட்ட வேண்டும். நாரில் ஒரு முடிச்சு போடுவார், மாட்டுக் கயிற்றில் போடுகிற முடிச்சு.

"அனுப்புறவரு விலாசமும் எழுதுங்கண்ணா. இல்லன்னா சேராத தபால் எங்கியோ பூடும், உங்க கைக்கு வராது" என்று சொல்லிக் கொடுத்தவன் நான்தான். நாற்பதிலும் பொறுமையாக எழுதினார். பையில் போட்டு ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு வந்தேன்.

3. முதல் ரெஃப்யூஸ்டு

மூன்று வாரம் கழித்து ஒன்று திரும்பி வந்தது. மேலே சிவப்புப் பென்சிலில் 'ரெஃப்யூஸ்டு'. வாங்க மறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அனுப்பியவரிடம் சேர்க்க வேண்டியது என் வேலை. சேர்த்தேன்.

தணிகாசலம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முடிச்சு நான் போட்டதுதான் தம்பி. அவுக்கக்கூட இல்ல" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நோட்டை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகவில்லை, வீட்டுக்குள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்கு நாள் கழித்துப் பச்சையம்மாள் அண்ணி என்னைத் தெருமுனையில் பிடித்தார்.

"ரெண்டு நாளு சோறு திங்கல தம்பி. மாட்டுக்குத் தண்ணி காட்டல. படிச்சவங்க வேணான்னுட்டாங்கன்னு சொல்லிக்கினே இருக்குது. இனிமே அந்த மாதிரி வந்தா குடுக்காத. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"அப்படிலாம் செய்யக் கூடாதுங்க அண்ணி."

"இன்னா பண்ணுவியோ. அந்த மனுசன் கண்ணுல காட்டாத."

அடுத்த பேக்கில் இரண்டு வந்தன. பையில் வைத்துக்கொண்டு அவர் வீட்டு வாசல் வரை போனேன். "எனக்கு இன்னா இருக்குது தம்பி?" என்று கேட்டார். "ஒண்ணும் இல்லண்ணா" என்றேன். அந்தப் பதில் வாயில் அவ்வளவு சுலபமாக வந்தது எனக்கே ஆச்சரியம்தான். திண்டிவனத்தில் என் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்ப் பெட்டியில் வைத்தேன்.

பிறகு அது பழகிவிட்டது. வாரத்துக்கு ஒன்று, சில வாரம் மூன்று. 'ரெஃப்யூஸ்டு', 'லெஃப்ட்' என்றால் இடம் மாறிவிட்டார், 'நாட் நோன்' என்றால் அப்படி ஒருவர் இல்லை. ஒரு பத்திரிகை ஆபீஸிலிருந்து வந்ததில் காரணம்கூட இல்லை, விலாசத்தின் மேல் ஒரு கோடு மட்டும். எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு. ஒரே ஒரு ஆள், மரக்காணம் பக்கத்து வாத்தியார் ஒருவர், "நூல் கிடைத்தது, நன்றி" என்று ஒரு கார்டு போட்டார். அந்தக் கார்டைத் தணிகாசலம் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார்.

அவர் கணக்கு இப்படிப் போயிற்று. "நாப்பது அனுப்பிச்சேன் தம்பி. ஒண்ணுதான் திரும்பிச்சு. மீதி முப்பத்தொம்பது பேரு வச்சிக்கினு இருக்காங்க. பெரியவங்க, கடுதாசி போட நேரம் இருக்காது. படிச்சிக்கினு இருப்பாங்க." முகம் தெளிந்துவிட்டது. கரைக்குப் போனார், எழுதினார். அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். சைக்கிளில் போகும்போது பாட்டுகூடப் பாடியிருப்பேன்.

4. கூட்டேரிப்பட்டு ரோட்டில்

அடுத்த வருஷம் மழை இல்லை. அந்த வருஷம்தான் அவர் இரண்டாவது புத்தகம் போட முடிவு செய்தார். பெரிய புத்தகம், காலிகோ துணி பைண்டு. எல்லாம் அந்த இரண்டு காணியைப் பற்றி. ஏரி, நாவல் மரம், கிணற்றில் விழுகிற வெயில், பனையில் தொங்குகிற தூக்கணாங்குருவிக் கூடு. ஐந்நூறு காப்பி. அதற்காக நிலத்தையே விற்பதாகச் சொன்னார்.

"நெலம் எனக்கு மட்டுந்தான் தம்பி. புஸ்தவம் எல்லாருக்கும். முப்பத்தொம்பது பேரு காத்துக்கினு இருக்கும்போது மூடி வெக்கலாமா?"

நான் அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. யாராவது பெரியவர்கள் தடுப்பார்கள், வாங்குகிறவன் விலையைக் குறைப்பான், ஏதாவது நடக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

பத்திரம் எழுதுவதற்கு இரண்டு நாள் முன்னால், கூட்டேரிப்பட்டு ரோட்டில், பஸ் நிற்கிற இடத்தில் பச்சையம்மாள் அண்ணி எனக்காகக் காத்திருந்தார். வெயிலில் நடந்து வந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அப்பறமா எத்தினி வந்துச்சு?"

அந்த மாதம்தான் என்னை பெர்மனன்ட் செய்திருந்தார்கள். தபாலைப் பிடித்து வைத்தால் டிஸ்மிஸ், அதற்கு மேல் போலீஸ். பக்கத்து ஆபீஸில் ஒருவனை விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனதைக் கேள்விப்பட்டிருந்தேன். அண்ணி யாரிடமும் சொல்ல மாட்டார்தான். ஆனால் நிலம் விற்பதை நிறுத்த வேண்டும் என்றால் புருஷனிடம் சொல்லித்தானே ஆக வேண்டும். அவர் ஏன், எப்படி என்று ஊரைக் கூட்டினால்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு அதைத் தோண்டி எடுக்கத் தைரியம் வரவில்லை.

"அது ஒண்ணுதாங்க அண்ணி. அதுக்கு அப்பறம் எதுவும் வரல."

அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை. "அப்படின்னா அந்த மனுசன் சொல்றது சரிதான் போல. நான்தான் பேஜாரு பண்ணிக்கினு இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே நடந்தார். பத்திரத்தில் அவரும் கைநாட்டு வைத்தார்.

வாங்கியவர் செங்கல் சூளைக்காரர். ஏரி மண் நல்ல மண். ஒரு மாதத்தில் பனைகளை வெட்டினார்கள், நாவலையும் வெட்டினார்கள், ஆள் உயரத்துக்கு மண்ணைத் தோண்டினார்கள்.

5. தேதி முத்திரை

இரண்டாவது புத்தகம் நூறு விலாசத்துக்குப் போயிற்று. இந்த முறை திரும்பி வந்ததையெல்லாம் நான் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன். இனி ஒன்றைப் பிடித்தாலும் கை அழுகிவிடும் என்று தோன்றியது. ஒரே நாளில் ஒன்பது கொடுத்திருக்கிறேன். கொடுக்கக் கொடுக்கத் தணிகாசலம் கலங்கிப் போனார். அவர் தன்னைத்தான் சந்தேகப்பட்டார்.

"போன வாட்டி எல்லாரும் வச்சிக்கினாங்களே தம்பி. இந்த வாட்டி நான் இன்னா தப்பு பண்ணேன்?"

இரண்டு புத்தகத்தையும் மடியில் வைத்து வரிக்கு வரி ஒத்துப் பார்ப்பார். முதல் புத்தகத்தில் இருந்த எது இரண்டாவதில் போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் இதைப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காக்கி போடாமல், இருபத்திரண்டையும் ஒரு கோணிப்பையில் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். அவர் முன்னால் கொட்டினேன். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அழுதேன் என்று நினைக்கிறேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முதலில் முடிச்சைப் பார்த்தார். நார் காய்ந்து போயிருந்தது, ஒன்றுகூட அவிழ்க்கப்படவில்லை. பிறகு மேலே குத்தியிருந்த முத்திரையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். எங்கள் ஆபீஸ் முத்திரை எப்போதும் சுத்தமாக விழும்.

"இது ஏப்ரல் மாசம். இது மே. இது ஜூன் மாசம், ரெண்டு." தரையில் வரிசையாக அடுக்கினார். கடைசியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாம் போன வருசம். நான் பத்திரம் எழுதனது இந்த வருசம் ஐப்பசியில."

கடைசியாக வைத்ததை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அன்னிக்கே குடுத்திருந்தா நான் எழுதறத விட்டிருக்க மாட்டேன் தம்பி. நாலு நாளு படுத்திருப்பேன், எழுந்து கரைக்குப் போயிருப்பேன். அச்சடிக்கறதத்தான் விட்டிருப்பேன்."

பச்சையம்மாள் அண்ணி கதவோரம் நின்றிருந்தார். குரலைக்கூட உயர்த்தவில்லை. "புருசன் சோறு திங்கலன்னு அன்னிக்குச் சொன்னது நான்தான். அது என் தப்பு. ஆனா ரோட்டுல நின்னு கேட்டேனே தம்பி. அப்ப சொல்லியிருக்கலாமே."

அவர்கள் யாரிடமும் என்னைப் பற்றிச் சொல்லவில்லை, மனுவும் போடவில்லை. அந்தக் கோடையிலிருந்து அண்ணி அந்தச் சூளையிலேயே கல் அடுக்கும் கூலிக்குப் போனார், தன் நிலத்திலேயே. என் பீட் அந்த வழியாகத்தான். மூன்று வருஷம் அப்படிப் போனேன்.

மாற்றல் உத்தரவு வந்த பிறகு ஒரு நாள் தணிகாசலத்தைப் பார்த்துக் கேட்டேன், "இப்ப எதுனா எழுதறீங்களா அண்ணா?" என்று. கேட்டிருக்கக் கூடாது.

சூளைப் புகை இருந்த பக்கம் கையைக் காட்டினார். "எதப் பாத்துக்கினு எழுதறது?" என்றார்.

6. வேலையில் இருக்கிற பிள்ளைகளுக்கு

வந்ததை வந்தபடி கொடுங்கள். கெட்ட செய்தியாக இருந்தால் கொடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் கூட நில்லுங்கள், அது ஒன்றுதான் நம்மால் முடிந்தது. வாங்குகிறவர் தாங்க மாட்டார் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள். அதையும் மீறி இரக்கப்பட்டு ஒன்றை மறைத்துவிட்டீர்கள் என்றால், அடுத்த முறை யாராவது நேருக்கு நேராகக் கேட்கும்போது சொல்லிவிடுங்கள். வேலை போனாலும் சொல்லிவிடுங்கள்.

நான் சொல்லவில்லை. அதனால் எனக்கு வேலை போகவில்லை. மாதம் பிறந்தால் பென்ஷன் ஒழுங்காக வருகிறது.